விளையாட்டு மடிக்கணினிகளும் டச்பேடும்

ஒரு வீட்டை விலைபேசச் செல்வோர் அதன் முகப்பையும் தூண்களையும் கண்டு வியந்து, பின்கட்டிலுள்ள கிணற்றையும் அடுக்களையையும் எட்டியும் பாராது திரும்புவராயின், அவரை உலகியல் அறிந்தோர் என எவரும் கூறார். நாடோறும் புழங்குமிடம் முகப்பன்று, அடுக்களையே. வீட்டின்கண் இவ்வுண்மையை நன்கறிந்த நாம் கணினியின்கண் அதனை மறந்துவிடுகின்றோம். இக்காலத்து மாணவர் பலர் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் 'கேமிங் லேப்டாப்' என்னும் விளையாட்டு மடிக்கணினியைப் பற்றிப் பேசுங்கால், அதன் வரைகலைச் செயலி யாது, திரை நொடிக்கு எத்துணை முறை புதுப்பிக்கப்படுகின்றது, நினைவகம் எவ்வளவு, விசைகளின்கீழ் எத்தனை நிறங்களில் ஒளி எரிகின்றது என்பனவெல்லாம் விரிவாக ஆராயப்படுகின்றன. ஆயின், அதனை உடையவன் நாடோறும் விரல் வைத்துப் புழங்கும் டச்பேட் எத்தகையது என வினவுவார் மிகச் சிலரே. அச்சிலருக்கும், "அதற்கென்ன, மவுஸ் வைத்துக்கொள்ளலாமே" என்னும் விடையே கிடைக்கின்றது. இவ்விடை போதாதென்பதும், டச்பேடின் தரம் அக்கருவியின் தகுதியை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாதல் வேண்டுமென்பதும், வாங்கியபின் அதன் அமைப்புகளை அறிந்து திருத்திக்கொள்ளுதல் உடையவன் கடமையென்பதும் எமது கருத்து. அவற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

டச்பேட் மடிக்கணினியோடு உடன்பிறந்த உறுப்பன்று. திரையில் ஓடும் சுட்டியை நகர்த்துதற்குத் தொடக்கத்திற் பலவகை ஏற்பாடுகள் செய்து பார்க்கப்பட்டன. 1991-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட பவர்புக் கணினிகளில் விசைப்பலகைக்கு முன்னே உருளும் பந்தொன்று பதிக்கப்பட்டிருந்தது. 1992-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் திங்க்பேட் 700சி என்னும் கருவியில், விசைகளின் நடுவே சிவந்த சிறு குமிழொன்றை நட்டனர். ஜார்ஜ் கெர்பைட் என்னும் அறிஞர் 1988-இல் மின்தேக்குத் திறனை அடிப்படையாகக் கொண்டு அமைத்த தொடுதகடு, 1994-இல் வெளிவந்த பவர்புக் 500 வரிசையில் இடம்பெற்றது. அதன்பின் உருள்பந்து மெல்ல மறைந்தது. 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தார் தம் மேக்புக்கில் கண்ணாடிப் பரப்பை அமைத்து, தனிப்பொத்தானை ஒழித்து, தகடு முழுவதையுமே பொத்தானாக்கினர். 2015-இல், உண்மையில் கீழே அழுந்தாமல், மின்காந்தத்தால் எழும் ஒரு மெல்லிய அதிர்வினாலேயே அழுந்தியது போன்ற உணர்ச்சியை விரலுக்குத் தரும் தகட்டையும் அவர்கள் வெளியிட்டனர். உள்ளங்கையளவான இச்சிறு பரப்பின்மேல் எத்துணை மதி செலவிடப்பட்டுள்ளது என்பது இவற்றால் விளங்கும். செய்யும் வழி அறியப்படாமையால் விளைவதன்று இன்றைய குறை. செய்தற்குரியதாகக் கருதப்படாமையால் விளைவது.

இனி, டச்பேட் தொழிற்படும் முறையைச் சிறிது அறிதல் நலம். அதன் பரப்பின் அடியில் மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோற் பின்னப்பட்டுள்ளன. மாந்தர் விரல் மின்கடத்தும் இயல்புடைத்தாதலின், அது பரப்பை அணுகுமிடத்து மின்தேக்குத் திறன் சிறிது மாறுகின்றது. ஒரு சில்லு இம்மாற்றத்தை நொடிக்குப் பன்முறை அளந்து, விரல் இருக்குமிடத்தைக் கணித்துக் கணினிக்கு உரைக்கின்றது. எனவே டச்பேடின் தரம் நான்கு திறத்தால் அமையும். முதலாவது, பரப்பு: கண்ணாடியில் விரல் வழுக்கிச் செல்லும், மலிந்த பிளாஸ்டிக்கில் தடைப்படும், நாளடைவில் அப்பிளாஸ்டிக்கே தேய்ந்து பளபளக்கும். இரண்டாவது, அழுத்தம்: பெரும்பாலான தகடுகள் மேல்விளிம்பிற் கீல்கொண்டு தொங்குவன, கதவைக் கீலின் அருகே தள்ளினால் எங்ஙனம் அசையாதோ அங்ஙனமே அவற்றின் மேற்பகுதியும் அழுந்தாது. பொருத்துதல் தளர்ந்ததாயின், மெல்லத் தட்டும்போதெல்லாம் கடகடவென ஓசை எழும். மூன்றாவது, அங்கை விலக்கல்: விரல் இது, தட்டெழுதுங்கால் தற்செயலாகப் படியும் உள்ளங்கை இது எனப் பகுத்தறியும் ஆற்றல். நான்காவது, இவற்றை ஆளும் மென்பொருள். முன்னர் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தமக்குத் தோன்றியவாறு டிரைவர் எழுதினர். ஆதலின் ஒரு கருவியிற் பழகிய விரலசைவு மற்றொன்றிற் பயன்படாது போயிற்று. 2013-இல் விண்டோஸ் 8.1 வெளிவந்த காலத்து மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 'பிரிசிஷன் டச்பேட்' என்னும் முறையைக் கொணர்ந்தனர். அதன்படி, தகடு விரல்களின் இடத்தை மட்டும் அறிவிக்க, அவ்வசைவின் பொருளை விண்டோஸே தீர்மானிக்கும். இம்முறை பரவியபின் இடர்கள் பெரிதும் குறைந்தன. ஆயினும், மென்பொருள் ஒன்றாயினும் பரப்பும் கீலும் சில்லும் ஒன்றாகா.

நிற்க. விளையாட்டு மடிக்கணினிகளில் இவ்வுறுப்பு ஏன் புறக்கணிக்கப்படுகின்றது? காரணங்கள் இல்லாமலில்லை. அக்கருவியின் அகத்தே விசிறிகளும் செம்பு வெப்பக்குழல்களும் பேரிடங்கொள்கின்றன. விமானத்தில் தனி இசைவின்றி உடன்கொண்டு செல்லத்தகும் பேட்டரிக்கு 100 வாட்-மணி என்னும் எல்லை உண்டு. அவ்வெல்லையை எட்டுமளவுக்குப் பெரிய பேட்டரியைச் சிலர் அமைக்கின்றனர். அஃது இருக்குமிடம் பெரும்பாலும் கை வைக்கும் பகுதியின் அடியே. ஆதலின் டச்பேடுக்குக் கிடைப்பது மிச்சமான இடமே. அன்றியும், பெட்டியின்மேற் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்றற்கேற்ற உறுப்புகளிலேயே பணம் செலவிடப்படுகின்றது. 'இதன் டச்பேட் சிறந்தது' என்று அச்சிட்டுக் கருவி விற்றாரை யாம் கண்டதில்லை.

ஆயினும், சிந்தித்தாரும் உளர் என்பதை மறைத்தல் முறையன்று. 2015-இல் எம்.எஸ்.ஐ. நிறுவனத்தார் வெளியிட்ட ஜி.டி.80 டைட்டன் என்னும் கருவியில் விசைப்பலகை முன்விளிம்பிற்கு இறக்கப்பட்டு, டச்பேட் அதன் வலப்புறத்தில் வைக்கப்பட்டது. 2017-இல் ஏசஸ் நிறுவனத்தார் தம் செபிரஸ் ஜி.எக்ஸ்.501-இலும் இம்முறையையே கையாண்டனர். அத்தகடே எண்விசைப் பகுதியாகவும் மாறியது. அவ்வாண்டிலேயே ஏசர் நிறுவனத்தார் தம் பிரிடேட்டர் டிரைட்டன் 700-இல் விசைப்பலகைக்கு மேலே ஒரு கண்ணாடியைப் பதித்து, அதன் வழியே உள்ளிருக்கும் விசிறி தோன்றுமாறு செய்து, அக்கண்ணாடியையே டச்பேடாகவும் ஆக்கினர். காட்சிக்கு இனியதே, ஆயின் ஒவ்வொரு முறையும் விசைகளைத் தாண்டி மேலே கை நீட்டுதல் வேண்டும். விளையாடுவோன் வலக்கையால் மவுஸ் பிடிப்பான் என்னும் துணிபின்மேற் கட்டப்பட்டவை இவை. இடம் மாற்றினாரேயன்றி, டச்பேடை நம்பி நாள் முழுவதும் உழைப்பவனை அவர்கள் முதற்கண் நினைத்திலர்.

இனி, மவுஸ் உண்டன்றோ என்பாரது கூற்றை ஆராய்வோம். அதன்கண் உண்மை இல்லாமலில்லை. துப்பாக்கி ஏந்தி விரைந்து குறிபார்க்கும் ஆட்டங்களில் டச்பேடால் வெற்றி பெறுதல் அரிது. நல்ல விளையாட்டு மவுஸ் நொடிக்கு 1000 முறை தன் நிலையை அறிவிப்பது. கை முழுவதும் அசைந்து குறிபார்க்க இடந்தருவது. இதனை மறுப்பார் யாருமில்லை. ஆயின் மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியை நாளில் எத்துணை நாழிகை ஆட்டத்திற்கும் எத்துணை நாழிகை பிறவற்றிற்கும் பயன்படுத்துகின்றான் என்பதைத் தானே எண்ணிப் பார்க்கட்டும். வகுப்பறையின் சாய்ந்த மேசைமேல் மவுஸ் நில்லாது உருண்டோடும். நூல்நிலையத்தில் அருகிருப்போர்க்கு அதன் ஓசை இடையூறாகும். விடுதிக் கட்டிலிலும், ஊருக்குச் செல்லும் இரயிற் பெட்டியிலும் அதனை வைத்தற்கு இடமேயில்லை. மேலும், காய் நகர்த்தி நிதானமாக ஆடும் சதுரங்கம் போன்ற ஆட்டங்களுக்கு டச்பேடே போதும். கையை நீட்டி மவுஸ் பிடிக்கவியலாத உடற்குறை உடையார்க்கோ டச்பேட் வசதியன்று, வழியே அஃதொன்றுதான்.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இது பின்னும் நெருங்கிய பொருளாகும். பழைய பதிப்புகளின் படிமங்களைத் திரையில் விரித்து, மங்கிய எழுத்தை இருவிரலால் பெரிதாக்கி, அடிக்குறிப்பைத் தேடிப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் படிக்கின்றோம். விரல் தடைப்பட்டால் கண்ணும் தடைப்படுகின்றது. இன்னுமொன்று. கட்டுரை எழுதிச் செல்லுங்கால் பெருவிரலின் அடிப்பகுதி தகட்டிற் படிந்ததாயின், சுட்டி எங்கோ தாவி, எழுதும் சொல் முந்தின பத்தியின் நடுவிற் போய் விழுகின்றது. சிற்சிலபோது ஒரு பத்தி முழுவதும் தெரிவு செய்யப்பட்டு, அடுத்துத் தட்டும் ஓர் எழுத்தால் அழிந்தும் போகின்றது. மீட்டற்கு வழி உண்டெனினும், திரையை நோக்காது எழுதுவோர் அவ்வழிவைக் காணாமலே செல்வர். இரவு விழித்து எழுதிய ஆய்வுரையில் ஒரு பத்தி இவ்வாறு மறைந்ததைப் பிறர் படித்துக் காட்டிய பின்னரே அறிந்த நண்பர் ஒருவரை யாம் அறிவோம். தந்தையின் சேமிப்பாலோ கடனாலோ வாங்கிய ஒரே கருவி, நான்காண்டு படிப்புக்கும் ஆட்டத்திற்கும் ஒருங்கே உதவவேண்டுவது, படிப்பில் இங்ஙனம் இடறுமாயின், ஆட்டத்தில் அது காட்டும் விரைவால் ஆவதென்ன?

ஆயினும், எல்லாப் பழியையும் கருவியின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. டச்பேட் பழுதென்று கடைக்குக் கொண்டுசெல்லப்படும் கருவிகளுட் சில பழுதுடையனவல்ல. அவற்றின் அமைப்புகளே பொருந்தாதன. ஒரு சான்று கூறுதும். விளையாடுவோன் முன்னோக்கி நடக்க 'டபிள்யூ' விசையை அழுத்திக்கொண்டே டச்பேடால் திரும்ப முயல்கின்றான், சுட்டி அசைவதில்லை. விசையை விட்டதும் அசைகின்றது. "என் டச்பேட் கெட்டது" என்கின்றான். கெட்டதன்று; அது தன் கடமையையே செய்கின்றது. விசைகள் அழுந்துங்கால் உள்ளங்கை படிந்து தீங்கு விளையாதவாறு தகட்டைச் சிறிது நேரம் உறங்கச் செய்யும் காவல் ஒன்று மென்பொருளில் உண்டு. எழுதுவோனுக்கு அது நண்பன், ஆடுவோனுக்குப் பகைவன்.

இதனை மாற்றும் வழி எளிது. விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்' திறந்து, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' என்பதன்கீழ் 'டச்பேட்' என்னும் பகுதிக்குச் சென்றால், 'சென்சிட்டிவிட்டி' என்னும் தலைப்பில் நான்கு படிகள் காணப்படும். முதலிற் கருவியோடு வருவது பொதுவாக 'மீடியம்' என்னும் இடைப்படியே. 'மோஸ்ட் சென்சிட்டிவ்' என்னும் மேற்படியைத் தெரிந்தால் மேற்கூறிய தாமதம் நீங்கும். 'லோ' என்னும் கீழ்ப்படியில் காவல் மிகும். ஆடுங்கால் மேற்படியும் எழுதுங்கால் இடைப்படியோ கீழ்ப்படியோ கொள்ளுதல் தக்கது. லினக்ஸிலும் தட்டெழுதுங்கால் டச்பேடை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அதனையும் வேண்டும்போது அணைக்கலாம். மவுஸ் இணைத்திருக்கையில் டச்பேட் தானே அணைந்துவிடுமாறு செய்யும் தெரிவும் விண்டோஸில் அப்பகுதியிலேயே உளது. மவுஸ் கொண்டு ஆடுவோர் இதனைக் கையாளின், ஆட்டத்தின் நடுவே கை பட்டுக் குறி தவறும் இடரே இராது. தட்டினால் அழுத்தியதாகக் கொள்ளும் ஏற்பாட்டை அணைத்துவிட்டால், எழுதுங்கால் சுட்டி தாவுதல் பெரிதும் குறையும். பக்கம் உருளும் திசையும், சுட்டியின் விரைவும், மூன்று விரலாலும் நான்கு விரலாலும் செய்யும் செயல்களும் அவரவர் விருப்பிற்கேற்ப மாற்றத்தக்கனவே. சில கருவிகளில் விசைப்பலகையிலேயே டச்பேடை அணைக்கும் விசை ஒன்றுண்டு. அறியாது அதனை அழுத்திவிட்டுத் தகடு இறந்ததென்று வருந்துவாரும் உளர்.

அமைப்பால் தீராத இடர்களும் உள. அவற்றுள் மூன்றைக் குறிப்பிடுதல் இன்றியமையாதது. ஒன்று, ஈரம். கோடைக்காலத்து வியர்வை படிந்த விரலும் பரப்பும் மின்தேக்குத் திறனை மயக்கிச் சுட்டியைத் துள்ளச் செய்யும். நீண்ட நேரம் ஆடிச் சூடேறிய கருவியில் இது மிகுதி. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தலே மருந்து. இரண்டு, நில இணைப்பு. சார்ஜரை இணைத்தபோது மட்டும் சுட்டி நடுங்கி, இணைப்பை எடுத்தவுடன் சீராகுமாயின், பழுது டச்பேடில் அன்று. மின்செருகியிலோ சுவரிலுள்ள இணைப்பிலோ எர்த் கம்பி சரியாக இல்லாமையே காரணமாதல் கூடும். மூன்று முள் செருகியை இரண்டு முள் துளையிற் செருகுதற்கு இடையே ஓர் இணைப்பியை வைக்கும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. அது டச்பேடை மட்டுமன்று, தொடுவோனையும் இடருக்குள்ளாக்குவது. உலோக உடலைத் தொட்டால் மெல்லிய கூச்சம் தோன்றுமாயின், உடனே மின்பணியாளரை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவதே மிக அஞ்சத்தக்கது. நேற்றுவரை எளிதில் அழுந்திய டச்பேட் இன்று அழுந்த மறுத்தாலோ, அதன் விளிம்பு சிறிது மேலெழுந்து தோன்றினாலோ, அடியிலுள்ள லித்தியம்-அயனி பேட்டரி உப்பியிருத்தல் கூடும். இடையறாது சார்ஜரோடு இணைத்து, முழுவதும் நிரம்பிய நிலையிலேயே, வெப்பத்தில் வைத்து ஆடும் கருவிகளில் இதற்கு இடம் மிகுதி. அத்தகைய பேட்டரி தீப்பற்றவும் கூடும். அந்நிலையில் தகட்டை அழுத்திப் பார்ப்பதும், குத்திப் பார்ப்பதும், தொடர்ந்து சார்ஜ் செய்வதும் பேதைமை. கருவியை அணைத்து, சார்ஜரை நீக்கி, தேர்ந்த பணிமனைக்குக் கொண்டுசெல்க. வருமுன் காக்கவும் வழியுண்டு: பல நிறுவனங்களின் மென்பொருளில், 80 விழுக்காடு நிரம்பியதும் சார்ஜ் நிறுத்தும் தெரிவு உளது. மேசைமேல் இணைத்தே வைத்து ஆடுவோர் அதனை இன்றே இயக்கிக்கொள்வது நன்று. புறக்கணிக்கப்பட்ட டச்பேடே கருவியின் உள்நோயை முதலில் அறிவிக்கும் தூதனாதலைக் காண்க.

இனி, வாங்கப் புகும் அன்பர்க்குச் சில சொற்கள். கடைக்குச் சென்று கருவியைக் கண்டவுடன் ஆட்டத்தின் முன்னோட்டக் காட்சியில் மயங்கி நில்லற்க. முதலில் டச்பேடின் நான்கு மூலைகளையும் நடுவையும் அழுத்திப் பார்க்க. மெல்லத் தட்டி, ஓசை எழுகின்றதா என ஓர்க. ஒரு நீண்ட பக்கத்தை இருவிரலால் உருட்டுக. விரல் நின்றவுடன் பக்கம் குலுங்குகின்றதா என நோக்குக. 'டச்பேட்' அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அது பிரிசிஷன் முறையினதா எனக் காண்க. பின்னர் எழுதும் செயலியைத் திறந்து, இரண்டு கைகளையும் இயல்பாக வைத்துப் பத்து வரிகள் எழுதுக. சுட்டி தாவுமாயின், அமைப்பை மாற்றி மீண்டும் எழுதிப் பார்க்க. எண்விசைப் பகுதி உடைய அகன்ற கருவிகளில் டச்பேட் நடுவின்று இடப்புறம் ஒதுங்கியிருக்கும். இடக்கையின் அங்கை அதன்மேற் படிகின்றதா என்பது சிறப்பாக ஆராயத்தக்கது. பரப்பு பெரிதாயிருத்தல் ஒன்றே நலமென்று கொள்ளற்க. அங்கை விலக்கும் ஆற்றலின்றிப் பெரிதாதல், வேலியின்றி விளைநிலம் பெரிதாதல் போல்வதே. இவையனைத்திற்கும் கால் மணி நேரம் போதும். நான்காண்டு புழங்கும் பொருளுக்குக் கால் மணி நேரம் மிகையன்று.

வாங்குவோர் இவற்றைக் கேளாதவரையில் செய்வோர் செய்யார். கடைக்காரரிடம் பத்து மாணவர் டச்பேடைப் பற்றி வினவினால், பதினோராவது மாணவன் வருமுன் கடைக்காரரே அதனைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அச்சொல் உற்பத்தியாளர் செவிக்கும் ஒருநாள் எட்டும். முன்னரே கருவி பெற்றுள்ளவர் தம் அமைப்புகளை இவ்வாரத்திலேயே ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அறிந்த மாணவர் அறியாத தோழர்க்கும், கணினியை அஞ்சிக் கையாளும் மூத்த ஆசிரியர்க்கும், ஒருநாள் மாலை அருகமர்ந்து இவற்றைக் காட்டிக் கொடுப்பாராயின், அதனினும் நற்பணி பிறிதில்லை. பிறர் வைத்தபடியே விட்டுவிட்டுப் பின் குறைகூறுதல் எளிது. நம் கைக்கு ஏற்றதாகப் பொருளை ஆக்கிக்கொள்ளுதலே அறிவு. விளையாட்டு மடிக்கணினி ஆட்டத்தில் எங்ஙனம் ஓடுகின்றது என்று கேட்குமுன், ஆட்டம் நின்றபின் நம் விரலுக்கு எங்ஙனம் உதவுகின்றது என்று கேட்போமாக.